மானும் கேட்டும் மாரீஸ்வரனும்

வண்டி கேட்டுக்கு முன்னால் வந்து நின்றதும் மாரீஸ்வரன் ஓட்டுகிறவரைப் பார்ப்பதில்லை. இடுப்பை வளைத்து, நெற்றியைக் கண்ணாடியில் ஒட்டி, பின்சீட்டைப் பார்க்கிறார். சேலையோ சுடிதாரோ தெரிந்தால் கேட் திறக்கும். இல்லையென்றால், "ஸ்டாக்குக்கு ரூமு இல்லண்ணே. வெரசா வண்டியத் திருப்புங்க, ஜீப்பு வர்ற நேரம்" என்பார்.

போடியிலிருந்து குரங்கணி ஏறும் பாதையில், தோட்டத்துக்குள் நாலு அறை கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறார் ஒரு ஏலக்காய் வியாபாரி. காவலும் சமையலும் மாரீஸ்வரன். ஆண்கள் மட்டும் கூட்டமாக வந்தால் குடித்துக் கூத்தடிப்பார்கள் என்று முதலாளிக்குப் பயம். பெண் துணையில்லாமல் வரும் ஆண்களை ஆங்கிலத்தில் 'ஸ்டாக்' (stag) என்பார்களாம்; 'ஸ்டாக் அனுமதி இல்லை' என்று போர்டு எழுதச் சொன்னார். பெயிண்டர் அந்தச் சொல்லைச் செல்போனில் தேடி, கிடைத்த படத்தையும் சேர்த்து வரைந்துவிட்டார். கிளை கிளையாய்க் கொம்புள்ள மான். குடும்பத்தோடு வரும் மலையாளிகள் இறங்கியதும் "மான் எவிடெயா சேட்டா?" என்றுதான் கேட்கிறார்கள்.

அந்தச் சொல்லின் அர்த்தங்களை மாரீஸ்வரன் தங்க வருகிறவர்களிடம் கேட்டுச் சேர்த்து வைத்திருக்கிறார். "கொம்பு மானுக்கு அந்தப் பேரு. சோடியில்லாம வர்ற ஆம்பளைக்கும் அதே பேரு. கல்யாணத்துக்கு முந்தி மாப்ள கூட்டாளிகளோட குடிக்கிறானே, அந்த விருந்துக்கும் அதான். புது ஷேர வாங்கி வந்தன்னைக்கே வித்துட்டு ஓடுறவனுக்கும் அதானாம். ஒருத்தனையாச்சும் நல்லவன்னு சொல்லுதா பாருங்க."

அவருக்கு வயது நாற்பத்தொன்று. கல்யாணம் ஆகவில்லை. அந்தக் கேட்டுக்கு உள்ளே துணையில்லாமல் தங்கும் ஒரே ஆண் அவர்தான். முதல்முறை நான் மனைவியோடு போனதால் ஏலக்காய் டீ கிடைத்தது. அடுத்த முறை தனியாகப் போனேன். கேட்டுக்கு வெளியே ஒரு ஸ்டூலைப் போட்டுக் கொடுத்தார். மீதிக் கதையெல்லாம் அங்கே உட்கார்ந்து கேட்டதுதான்.

போன தை மாதம் ராசிங்காபுரத்தில் ஒரு பெண் அமைந்து வந்தது. சிலமலையில் இருக்கும் அக்கா ஜக்கம்மாள் பார்த்த இடம். பெண்ணின் போட்டோவைப் பார்த்த மறுநாளே இவர் தன் அறைக்கு வெள்ளையடித்துவிட்டார். ஆனால் இந்தப் பக்கம் பெண் வீட்டார் லேசில் சரி சொல்வதில்லை. பெண்ணின் அப்பாவும் சித்தப்பாமாரும், யாரென்று காட்டிக்கொள்ளாமல் மாப்பிள்ளை வேலை பார்க்கும் இடத்துக்குப் போய் நோட்டம் பார்த்து வருவார்கள். குடிக்கிறவனா, பேச்சு எப்படி என்று தெரியவேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வெள்ளை வேட்டியில் நாலு பேர் காரில் வந்தார்கள். "ரூமு கெடைக்குமா தம்பி?" என்று கேட்டார் மூத்தவர். மாரீஸ்வரன் வளைந்து பின்சீட்டைப் பார்த்தார். சேலை இல்லை.

"வயசுக்குத் தக்கன இருக்க வேணாமா? உங்கள மாதிரி ஆளுகதான் பாட்டில ஒடச்சுக் காட்டுக்குள்ள போட்டுட்டுப் போறது. எடத்தக் காலி பண்ணுங்க."

அன்று சாயங்காலம் அக்கா போன் பண்ணினாள். "பொண்ணோட அப்பனையே வெரட்டி விட்டுருக்கியேடா அப்பு. பய ஒழுக்கமானவந்தான், அதுல ஒரு கொறையும் இல்ல, ஆனா மாமனாருக்கே கேட்டத் தெறக்காதவன் வீட்டுக்கு நாங்க எப்பிடிப் போய்வர்றதுன்னு கேக்குறாக."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் முகத்தைப் பார்த்ததும் வெட்கமாகப் போனது. "நாஞ் செஞ்சது மொதலாளி சொன்ன சோலிதான்ணே" என்றார். போர்டு மானைப் பார்த்துக்கொண்டே, "அந்தப் புள்ள பேரு பவதாரணி" என்றார்.

கீழே வண்டி ஏறிவரும் சத்தம் கேட்டது. வளைவில் கார் திரும்பியபோது முன்சீட்டில் இரண்டு வெள்ளைச் சட்டைகள் தெரிந்தன. மாரீஸ்வரன் எழுந்தார். சட்டையின் மேல் பொத்தானைப் போட்டார். சீப்பை எடுத்துத் தலையை வாரிக்கொண்டார். கார் நின்றது. இந்த முறை அவர் பின்சீட்டைப் பார்க்கவில்லை.

"எந்த ஊருங்க? ராசிங்காபுரமா?"

"திண்டுக்கல்."

சீப்பைப் பாக்கெட்டில் செருகினார். மேல் பொத்தானைக் கழற்றிவிட்டு, மெதுவாக இடுப்பை வளைத்தார்.