புல் வெட்டும் மெசினில் எண்ணெய் ஏறிய கதை

திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றி எத்தனையோ எஞ்சின்கள் ஓடின. ஆனால் ஆள் ஏறியிருந்து ஓட்டிப் புல் வெட்டும் மெசின் ஒன்றே ஒன்றுதான். அதை எழுப்பி ஓட்டத் தெரிந்தவனும் ஒருவன்தான், அது நான். நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். படித்த நாலு பேர் அதன் கயிற்றை இழுத்துப் பார்த்துவிட்டு, தோள்மூட்டைத் தடவிக்கொண்டு போனதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

வெள்ளைக்காரக் கடற்படை போகும்போது விட்டுப்போன மெசின் அது. ஓர்ஸ் ஹில் என்ற குன்றுப் பக்கம் அவர்கள் பந்தடித்த மைதானமும் அந்த மெசினும் ஓர் அரசாங்கக் கந்தோரின் பொறுப்புக்கு வந்தன. மெசினுக்கு நான். எனக்கு உதவியாகக் கிண்ணியாவிலிருந்து தினமும் கடலைக் கடக்கும் படகுப் பாதையில் ஏறி வந்த ஒருவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், நாலு பெண்பிள்ளைகளின் தகப்பன். முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோலக் காக்கா என்றுதான் கூப்பிடுவேன். இரண்டு பேரும் தற்காலிக வேலைக்காரர். வருடங்கள் போயும் தற்காலிகம்தான்.

மெசினை எழுப்பும் முறையை எனக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை. நானாகப் பிடித்தது. முதலில் கொட்டிலுக்குள்ளிருந்து வெளியே தள்ளிக்கொண்டு வரவேண்டும். அடைத்த இடத்தில் எழுப்பினால் புகையே ஆளை முடித்துவிடும். சமதரையில் நிறுத்தி, எண்ணெய்க் கம்பியை இழுத்துத் துடைத்து, திரும்ப விட்டு எடுத்து, எண்ணெய் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்க்கவேண்டும். எஞ்சின் ஆறியிருக்கும்போதுதான் தாங்கிக்குப் பெற்றோல் விடவேண்டும், வாயில் பீடி இருக்கக்கூடாது. இதற்குள் காக்கா மைதானத்தில் நடந்து கல், கம்பி, பழைய ஆணி எல்லாம் பொறுக்கிவிடுவார். பிறகு வெட்டும் தகடுகளைக் கழற்றிவிடும் பிடியை இழுத்து, கியரை நடுவில் வைத்து, பிரேக்கை இறுக்கி, முன்னால் ஆள் நிற்கிறதா என்று பார்த்து, காற்றை அடைக்கும் சோக்கை இழுத்துவிட்டுக் கயிற்றைப் பிடிக்கவேண்டும். கயிற்றைக் கையில் சுற்றக்கூடாது. எஞ்சின் எதிர்ப்பக்கம் உதைத்தால் மணிக்கட்டு போய்விடும். இன்றைக்கும் என் பத்து விரலும் பத்திரமாக இருக்கின்றன.

பெற்றோலுக்குத் தட்டுப்பாடு வந்தது. கந்தோரில் கேட்டால் அடுத்த கிழமை என்பார்கள். அந்த நேரம் பார்த்துக் கந்தோருக்குத் தலைவரான பெரிய ஐயா எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார்.

"மைதானத்தில கொண்டாட்டம் வருது. கொழும்பில இருந்து ஆக்கள் வருவினம். முழு மைதானமும் பாய் விரிச்ச மாதிரிக் கிடக்கவேணும். மெசின் ஓடினால் உங்க ரெண்டு பேரையும் நிரந்தரமாக்கச் சொல்லி எழுதுவன். ஓடாட்டி மெசினும் வேண்டாம், ஆக்களும் வேண்டாம்."

"ஓடும் ஐயா. நான் இருக்கிறன்," என்றேன்.

சல்லி என்ற ஊரின் கடற்கரையில் மீன்பிடி வள்ளங்களின் எஞ்சின்களைப் பார்த்திருக்கிறேன். பெற்றோலில் எழுப்பிச் சூடாக்கிவிட்டு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். நானும் அப்படியே செய்தேன். கொஞ்சம் புகைத்தது, ஆனால் ஓடியது. கந்தோரில் எல்லோரும் வெளியே வந்து பார்த்தார்கள். கடற்கரை மூளை என்று ஒரு கிளாக்கர் மெச்சினார். எனக்குத் தலை கால் தெரியவில்லை.

ஒவ்வொரு காலையும் எண்ணெய் பார்த்தேன். குறையவில்லை. மூன்றாம் நாள் கோட்டுக்கு மேலே நின்றது. காக்கா கம்பியை வாங்கி மோந்து பார்த்தார்.

"தம்பி, இதில மண்ணெண்ண மணக்குது. விரலில வெச்சா தண்ணி மாதிரி ஓடுது."

"மற்றவங்கட எஞ்சின் எண்ணெய் குடிக்கும், காக்கா. என்ர எஞ்சின் சுரக்குது."

"மாடு பால் சுரக்கிற மாதிரியா?"

"ஓம்."

"அப்ப பாத்துக் கறவுங்க. உதைக்கும்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. எண்ணெயை மாற்றுவோம் என்று இன்னும் இரண்டு தரம் சொன்னார். எஞ்சின் விஷயத்தில் வாயைக் கொடுக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

வள்ளத்து எஞ்சினுக்கு அடியில் எண்ணெய் தேங்கி நிற்பதில்லை, எரிபொருளோடு கலந்தே எரிந்துவிடும். இந்த எஞ்சினுக்கு அடியில் எண்ணெய்த் தொட்டி இருந்தது. எரியாமல் மிஞ்சிய மண்ணெண்ணெய் அதற்குள் இறங்கி எண்ணெயைக் கரைத்துக்கொண்டிருந்தது. இது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

கொண்டாட்டத்துக்கு நாலு நாள் இருக்க, பாதி மைதானம் வெட்டி முடிந்த இடத்தில், உள்ளே சுத்தியலால் தட்டுவது போலச் சத்தம் வந்தது. நிறுத்துவதற்குள் ஒரு கீச்சல். அதோடு நின்றது. கயிற்றை இழுத்தேன். சுவரில் கட்டிய கயிற்றை இழுத்தது போல இருந்தது.

பெரிய ஐயா வெளியிலிருந்து ஒரு மெக்கானிக்கை அழைத்துவந்தார். அவர் எண்ணெயைத் திறந்துவிட்டார். கறுப்புத் தண்ணீராக ஓடியது.

"இதுக்கு மண்ணெண்ணெய் விட்டது ஆர்?"

நான் குனிந்து கயிற்றைச் சுருட்டத் தொடங்கினேன்.

"நாங்கதான் ஐயா," என்றார் காக்கா.

மிச்சப் பாதியைக் கத்தியால் வெட்டத் தொடங்கினோம். முழுவதும் வெட்டிவிட்டால் பெரிய ஐயா மனம் இரங்குவார் என்று நான்தான் சொன்னேன். நாலு நாளும் குனிந்தபடி வெட்டினோம். அந்தப் பாதியில் கால்வாசிகூட முடியவில்லை. பெரிய ஐயா வந்து பார்த்தார். ஏசவில்லை. மேடையை மெசின் வெட்டின பக்கமாகப் போடச் சொல்லிவிட்டுப் போனார். கொண்டாட்டம் நன்றாக நடந்தது. அடுத்த நாள் இரண்டு பேரையும் நிறுத்தினார்கள்.

வருடங்கள் போக நான் வாழ்க்கையில் எழும்பிவிட்டேன். எனக்கென்று வேலைத்தலம், கீழே நாலு பேர், வரிசையில் நிற்கும் எஞ்சின்கள். நான் கை வைத்து ஓடாத எஞ்சின் இந்தப் பக்கத்தில் இல்லை என்று சனம் சொல்லும். காக்காவுக்கு அதற்குப் பிறகு நிலையான வேலை ஒன்றும் அகப்படவில்லை. வயல் கூலிக்குப் போனார். பிறகு அதற்கும் உடம்பு விடவில்லை என்று கேள்விப்பட்டு நான் கிண்ணியாவுக்குப் போனேன். கதிரை போட்டு இருத்தினார். இளைத்திருந்தார். என் வேலைத்தலத்துக்கு வரச்சொன்னேன்.

"கண் சரியாத் தெரியுதில்ல தம்பி. என்னால என்ன ஏலும்?"

"ஒண்டும் செய்யவேண்டாம். சும்மா வந்து இருங்க, காக்கா."

"சும்மா இருக்கிறதுக்கு எதுக்குத் தம்பி கடல் தாண்டி வாறது? அத இங்கேயே செய்யிறன்."

தேத்தண்ணி வந்தது. அந்த எஞ்சினைப் பற்றி அவர் ஒரு சொல்லும் கதைக்கவில்லை. மண்ணெண்ணெய் விட்டது நான் மட்டும்தான் என்று சொல்லத்தான் போனேன், தேத்தண்ணி நல்லாயிருக்கு என்று சொன்னேன். குடித்து முடித்துவிட்டு எழும்பி வந்துவிட்டேன்.