அஜந்தினியின் அறுபது கிறெடிற்

டென்மார்க்கின் விபோர்க் நகரத்து முதியோர் இல்லமொன்றில் அஜந்தினி பதினான்கு வருடங்களாகத் தரை துடைத்து வருகிறாள். வயது நாற்பத்திரண்டு. வலது தோள்மூட்டுக்கு மட்டும் அறுபது வயதாகிவிட்டது என்று வைத்தியர் சிரித்துக்கொண்டு சொன்னார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கையைத் தூக்கி யன்னல் துடைக்க முடியாமல் போய் ஒரு வருடம் ஆகிறது. வேலைத்தலத்தில் அதை ஒருவருக்கும் சொல்லவில்லை. கணவன் பேனாட் இறைச்சித் தொழிற்சாலையில் பன்றி வெட்டி வெட்டி முதுகைக் கெடுத்துக்கொண்டவன். இப்போது கிழமைக்குப் பத்து மணித்தியாலம் ஒரு கிடங்கில் இருந்தபடி பெட்டிகளுக்கு ஸ்ரிக்கர் ஒட்டுகிறான். வீட்டில் அடுப்பு எரிவது அவளுடைய தோளை நம்பித்தான்.

போன ஒக்ரோபரில் இல்லத்தின் தலைவி பிர்கித் அவளை அலுவலகத்துக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். தோள் விஷயம் வெளியில் வந்துவிட்டது, வேலை போகப்போகிறது என்று அஜந்தினி நினைத்தாள். விஷயம் வேறு. யார் எந்த நாள் எத்தனை மணிக்கு வேலைக்கு வருவது என்று அட்டவணை போடுகிற பெண் வருகிற ஓகஸ்டில் ஓய்வு பெறுகிறாளாம். அந்தக் கதிரைக்கு அஜந்தினிதான் பொருத்தம் என்று பிர்கித் நினைத்திருந்தாள். இல்லத்தில் வேலை செய்கிற ஐம்பத்தெட்டுப் பேரில் யாருக்கு எப்போது விடுமுறை, யார் யாரோடு முகம்கொடுத்துக் கதைப்பதில்லை என்பதெல்லாம் கடதாசி பார்க்காமலே அவளுக்குத் தெரியும். ஆனால் மேலிடம் படிப்புக் கேட்கும். சுகாதார நிர்வாகத்தில் அறுபது கிறெடிற், அதாவது ஒரு வருடக் கல்லூரிப் படிப்புக்குச் சமமான புள்ளிகள், யூலை முடிவதற்குள் கொண்டுவர வேண்டும். எங்கே படித்தாலும் பரவாயில்லை. தவறினால் வேலைக்கு வெளியில் விளம்பரம் போடுவார்கள்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து சொன்னபோது பேனாட் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"இருந்து செய்யிற வேலையோ?"

"ஓம். கதிரையிலை இருந்து."

 அப்படியென்றால் சோறு கறியைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னான். கல்யாணமாகிப் பதினெட்டு வருடத்தில் அவன் வாயிலிருந்து வந்த மிகப் பெரிய வாக்குறுதி அதுதான்.

டெனிஷில் பகுதிநேரமாகப் படிக்க வழி இருந்தது. ஒரு பாடத்துக்குக் கேட்ட கட்டணம் அவர்களுடைய ஒரு மாத வாடகையைவிடக் கூட. மகள் ஸ்ரெபானிதான் ரெலிபோனில் தேடித் தேடி வெளிநாட்டுக் கல்லூரி ஒன்றைக் கண்டுபிடித்தாள். எல்லாம் இணையத்தில், ஆங்கிலத்தில். குறைந்த வருமானக்காரர் சம்பளத் துண்டைக் காட்டினால் கட்டணத்தில் முக்கால்வாசியைக் கழித்துவிடுவார்கள். மிச்சம் ஒரு கிழமைச் சாப்பாட்டுச் சாமான் வாங்குகிற காசு. ஆறு பாடம், பாடத்துக்குப் பத்துக் கிறெடிற். ஸ்ரெபானி தன்னுடைய பழைய மடிக்கணினியையும் கொடுத்தாள். அதன் பற்றரி செத்துப் பல நாள். குசினிச் சுவரில் கேத்தில் செருகுகிற இடத்தில் செருகினால்தான் உயிர் வரும். ஆகவே அம்மா படிக்கிற நேரம் அந்த வீட்டில் தேத்தண்ணி கிடையாது.

படிப்பு என்று வந்தால் அஜந்தினி யாருக்கும் பயந்தவள் இல்லை. யாழ்ப்பாணத்து ரியூசன் கொட்டில்களில் உருவானவள். அங்கே கெட்டித்தனம் என்றால் நோட்ஸில் இருப்பது ஓரெழுத்துப் பிசகாமல் விடைத்தாளில் வரவேண்டும். சொந்தமாக வசனம் கட்டியவர்களுக்குப் புள்ளி வெட்டினார்கள். பாடமாக்க வக்கில்லாத மொக்குகள்தான் சொந்த வசனம் எழுதும் என்பது எழுதாத சட்டம். அஜந்தினி அப்படி ஒரு நாளும் எழுதியதில்லை. உயர்தரப் பரீட்சையில் பல்கலைக்கழகக் கம்பஸ் இடம் மயிரிழையில் தவறியபோதுகூட, தாவரவியலில் இரண்டு வரி மறந்துபோனதுதான் காரணம் என்று இன்றைக்கும் சொல்லுவாள். அந்த இரண்டு வரியும் பிறகு ஞாபகம் வந்துவிட்டது; அதையும் சொல்லிக் காட்டுவாள்.

டென்மார்க்கிலும் அதே முறைதான். பாடப் புத்தகத்தை வாய்விட்டு வாசித்து ரெலிபோனில் பதிந்துகொண்டாள். அடுத்த நாள் காதில் செருகிக்கொண்டு துடைப்பான் பிடித்தாள். ஒரு தாழ்வாரம் முடிய ஒரு பக்கம் மனதில் ஏறிவிடும். குளியலறைகளுக்கு வரைவிலக்கணங்களை ஒதுக்கியிருந்தாள். அவளுடைய உதடு அசைவதைப் பார்த்த டெனிஷ் கிழவி ஒருத்தி, இந்தப் பெண் நாள் முழுக்கச் செபம் சொல்கிறது என்று எல்லோருக்கும் சொல்லிவைத்தாள். அதுவும் முழுப் பொய் இல்லை. நடுவில் மறந்துபோனால் அவள் அந்தோனியாரைத்தான் கூப்பிட்டாள்.

முதல் ஐந்து பாடமும் சரியான விடையைத் தெரிவுசெய்கிற பரீட்சைகள். தொண்ணூற்றாறு, தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்று நான்கு, பிறகு ஒரு முழு நூறு, கடைசியில் தொண்ணூற்றேழு. பேனாட் இவற்றைத் தேவாலயத்தில் தமிழ்ப் பூசை முடிந்து வாசலில் நிற்பவர்களுக்கெல்லாம் ஒப்புவித்தான். யூன் மாதத்தில் ஐம்பது கிறெடிற் கையில் இருந்தது. தோள் இரண்டு கிழமைக்கு ஒரு தரம் ஊசி கேட்டது. இன்னும் கொஞ்ச நாள்தானே என்று அவள் அதற்குச் சொல்லிக்கொண்டாள்.

ஆறாவது பாடத்துக்குத் தெரிவு வினா இல்லை. ஒரு கட்டுரை. முதியோர் இல்லத்தில் ஆளணியை எப்படித் திட்டமிடுவது என்று இரண்டாயிரத்து ஐந்நூறு சொற்களில் எழுத வேண்டும். அஜந்தினிக்குச் சந்தோசம் தாங்கவில்லை. புத்தகத்தின் ஏழாம் அத்தியாயம் அப்படியே அந்தக் கேள்விக்கு விடை. பதினொரு நாளில் ஏழாம் அத்தியாயத்தை, தலைப்புகளோடும் அடைப்புக்குள் இருந்த ஆண்டுகளோடும், மனதில் ஏற்றினாள்.

அவளுக்குத்தான் ஆளணி என்றால் என்னவென்று தெரியுமே. வெள்ளிக்கிழமை பின்னேரம் ஆள் பிடிப்பது என்ன பாடு, டிமென்சியாக்காரர் பகுதிக்குப் புது முகத்தை அனுப்பினால் என்ன நடக்கும் என்றெல்லாம் பதினான்கு வருடமாகக் கண்ணால் கண்டவள். அதில் ஒரு வரிகூட எழுத வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. தரை துடைக்கிறவள் கண்டது எப்படிப் படிப்பாகும்? இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது. யார்மேல் என்று சொல்லத் தெரியவில்லை.

ஸ்ரெபானி, அனுப்புவதற்கு முன்னால் தனக்கு ஒரு தரம் காட்டும்படி கேட்டாள். கிம்னாசியத்தில், அதாவது உயர்தரப் பாடசாலையில், இரண்டாம் வருடம் படிக்கிறவள். அஜந்தினி மறுத்துவிட்டாள். மற்ற ஆளுக்குக் காட்டினால் அது கள்ள வேலை, தன்னுடைய கெட்டித்தனமாக இருக்காது என்றாள். மகள் தோளைக் குலுக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அந்தச் சனிக்கிழமை காலையில் அவள் தன் குசினியிலேயே ஒரு பரீட்சை மண்டபம் நடத்தினாள். ஒருவரும் கேட்கவில்லை, கல்லூரி கேட்டது கட்டுரையை மட்டும்தான். புத்தகத்தை அறைக்குள் வைத்துப் பூட்டித் திறப்பைப் பேனாட்டிடம் கொடுத்தாள். ரெலிபோனையும் கொடுத்தாள். அவன் மேசைக்கு எதிர்ப்பக்கம் மேற்பார்வையாளனாக இருந்தான். மூன்று மணித்தியாலத்தில் கையால் எழுதி, பிறகு கணினியில் அடித்தாள். அனுப்புவதற்கு முன்னால், இது முற்றிலும் என்னுடைய நேர்மையான வேலை என்று ஒரு கட்டம் இருந்தது. சிலுவை அடையாளம் போட்டுவிட்டு அந்தக் கட்டத்தை அழுத்தினாள்.

ஒன்பதாம் நாள் மின்னஞ்சல் வந்தது. கட்டுரையில் தொண்ணூற்றொரு சதவீதம் பிரதியெடுக்கப்பட்டது என்று கணினி கண்டுபிடித்திருக்கிறதாம். கூடவே அவளுடைய கட்டுரை. வரிக்கு வரி சிவப்பு. தப்பிக் கறுப்பில் நின்ற இடங்களை அவள் பார்த்தாள். அவையெல்லாம் அவளுக்கு ஞாபகம் தவறிய இடங்கள்.

ஸ்ரெபானி வாசித்துவிட்டு டெனிஷில் கேட்டாள், புத்தகத்தைப் பார்த்தா எழுதினாய் என்று.

"பாத்தெழுதேல்லை பிள்ளை. ஒரு சொல்லும் பாத்தெழுதேல்லை. அப்பாவைக் கேள்."

பேனாட் திறப்பு தன்னிடம்தான் இருந்தது என்று சாட்சி சொன்னான். ஸ்ரெபானி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தாயின் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னாள். பார்த்து எழுதினாலும் பாடமாக்கி எழுதினாலும் வசனம் வேறு ஆளுடையதுதான். எங்கிருந்து எடுத்தது என்று சொல்லாமல் எழுதினால் அதற்குப் பெயர் களவு. தன் வகுப்பில் பன்னிரண்டு வயதிலேயே அதைச் சொல்லிக்கொடுத்தார்கள். எனக்கு ஏன் காட்டவில்லை என்று கடைசியில் கேட்டபோது அவளுடைய குரல் உடைந்துபோனது.

அஜந்தினிக்கு விளங்கவில்லை என்பதுதான் உண்மை. களவென்றால் ஒளித்துச் செய்வது. இவள் பதினொரு நாள் பாடுபட்டுச் செய்தது எப்படிக் களவாகும்? நேரில் சொன்னால் மனிசருக்கு விளங்கும் என்று நம்பினாள். விசாரணை கேட்டுக் கல்லூரிக்கு எழுதினாள். யூலை பதினாறாம் திகதி காணொளியில் வரச் சொன்னார்கள்.

அன்றைக்கு அவள் பூசைக்குக் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டு குசினிக் கதிரையில் இருந்தாள். திரையில் ஒரு நரைத்த பெண்ணும் ஓர் இளைஞனும். பெண் நல்ல மாதிரியாகத்தான் பேசினாள். இது எப்படி நடந்தது என்று கேட்டாள். அஜந்தினி தயாராகத்தான் இருந்தாள். தான் திருடவில்லை, எல்லாம் தன் தலைக்குள் இருக்கிறது, நம்பாவிட்டால் இப்போதே சொல்லிக் காட்டுகிறேன் என்றாள். அவர்கள் பதில் சொல்வதற்கு முன்னால் தொடங்கியும் விட்டாள்.

ஏழாம் அத்தியாயம், மூன்றாம் பகுதி. கையைக் கட்டிக்கொண்டு, கண்ணைக் கமராவில் வைத்துக்கொண்டு, ஒரு சொல் தட்டாமல் சொன்னாள். இளைஞன் புத்தகத்தைத் திறந்து வரிவரியாக விரலை ஓட்டிக்கொண்டு வந்தான். அவனுடைய விரல் எங்கேயும் நிற்கவில்லை. அதைப் பார்க்கப் பார்க்க அஜந்தினிக்குத் தைரியம் கூடியது. வென்றுவிட்டேன் என்று நினைத்தாள். வாசலில் நின்ற பேனாட்டும் அப்படித்தான் நினைத்தான். ஸ்ரெபானி மட்டும் முகத்தைப் பொத்திக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள்.

இரண்டாம் பக்கத்தின் நடுவில் அந்தப் பெண் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னாள். அவளுடைய கண் கலங்கியிருந்தது.

"நாங்கள் நிரூபிக்க வேண்டியதை நீங்களே நிரூபித்துவிட்டீர்கள்" என்றாள்.

அந்தக் கணத்தில்தான் அஜந்தினிக்கு விளங்கியது. வாயில் அடுத்த வரி தயாராக நின்றது. அதை விழுங்கினாள்.

முடிவு இரண்டு நாளில் வந்தது. ஆறாம் பாடத்துக்குப் பூச்சியம். ஒரு வருடத்துக்குப் பிறகு திரும்ப எழுதலாம். முன்னைய ஐந்தும் செல்லும். ஆனால் பெறுபேற்றுத் தாளில் ஐந்து பெரிய புள்ளிகளுக்குக் கீழே, ஆறாவது வரியில், பிரதியெடுத்ததால் பூச்சியம் என்று எழுதியிருக்கும். அந்த வரி இல்லாமல் தாள் எடுக்க வழியில்லை.

தாளை நான்காய் மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு அவள் வேலைக்குப் போனாள். ஐம்பது கிறெடிற் காட்டினால் பிர்கித் மேலிடத்தோடு பேசிப் பார்க்கக்கூடும், கதிரையை ஒரு வருடம் தற்காலிகமாகவாவது தரக்கூடும் என்று ஸ்ரெபானி சொல்லியனுப்பியிருந்தாள். அது நடந்திருக்கவும் கூடும்.

பிர்கித் ஆவலாய்க் கேட்டாள், அறுபதும் வந்துவிட்டதா என்று. அஜந்தினி கைப்பையின் வாரைப் பிடித்தபடி நின்றாள். பிறகு டெனிஷில், தன்னால் படிக்க ஏலாமல் போய்விட்டது, இடையிலேயே விட்டுவிட்டேன் என்றாள். எத்தனை பாடம் முடிந்தது என்று பிர்கித் கேட்டாள். ஒன்றும் இல்லை என்றாள். பிர்கித்தின் முகம் விழுந்தது. படிப்பு எல்லோருக்கும் ஒத்துவராது, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று ஆறுதல் சொல்லி, திங்கட்கிழமை விளம்பரம் போடவேண்டியிருக்கும் என்றாள். அஜந்தினி ஓமென்று தலையாட்டிவிட்டுத் துடைப்பான் எடுக்கப் போனாள்.

பின்னேரம் பேனாட் சோறு போட்டுக்கொடுத்தான். அவன் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டு முழுவதையும் அறிந்துகொண்டான். அவனுக்குத் தாங்கவில்லை.

"அஞ்சு பாடத்திலை நூறும் தொண்ணூறும் எடுத்தனீர். அதையாவது காட்டியிருக்கலாமே. ஏன் ஒண்டும் படிக்கேல்லை எண்டு சொன்னனீர்?"

அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். ஒரு வாயும் வைக்கவில்லை.

"காட்டினா கடைசி வரியையும் வாசிப்பினம்" என்றாள். "நான் ஆக்களின்ரை அறையெல்லாம் தனியப் போய்த் துடைக்கிறனான், பேனாட். நகை, காசு எல்லாம் மேசையிலை கிடக்கும். கள்ளி எண்டு நினைக்கிறதிலும் பாக்க, மொக்கி எண்டு நினைச்சிட்டுப் போகட்டும்."