அப்பாவும் கியர்பாக்ஸின் மேல் போல்ட்டும்

ஓராண்டு ஓடிவிட்டது. இன்று அப்பாவின் வருஷத் திதிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்கள் எல்லோருக்கும், மூத்த மகள் என்ற முறையில் எங்கள் குடும்பத்தின் வணக்கம். அப்பாவைப் புகழ்ந்து எழுதினால் அவருக்குப் பிடிக்காது. யாராவது நேரில் புகழ ஆரம்பித்தாலே வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும் மனிதர் அவர். ஆகவே நடந்ததை மட்டும் எழுதுகிறேன். எங்கள் வீட்டுப் பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்க வராது. பெரியவர்கள் யாராவது அவர்களுக்கு வாசித்துக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அப்பா கோவைக்கு அருகே சூலூரில், ஒரு மில் தொழிலாளியின் மூத்த மகனாகப் பிறந்தார். அவருடைய சிறு வயதிலேயே தாத்தா காலமாகிவிட, படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுச் சிங்காநல்லூரில் ஒரு பட்டறையில் சேர்ந்தார். தம்பியை, அதாவது எங்கள் சித்தப்பாவை, வளர்த்து ஆளாக்கியது அவர்தான். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அண்ணனும் தம்பியும் புனேவுக்கு வந்து, ஹடப்சரில் தகரக் கூரையின் கீழ் வேன்களைப் பழுது பார்க்கும் பட்டறை ஒன்றைத் தொடங்கினார்கள். அதன் பின்னாலேயே எங்கள் வீடு. மராட்டியில் ஒரு சொல் தெரியாமல், அரைகுறை இந்தியை வைத்துக்கொண்டு இருவரும் எப்படித் தொழில் நடத்தினார்கள் என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான். வண்டிக்காரர்கள் தலையில் அடித்துக்கொண்டாலும் மறுபடி இங்கேதான் வந்தார்கள்.

அந்த நல்ல காலம் ஒரே பகலில் முடிந்தது. வேனின் கியர்பாக்ஸை இறக்க வேண்டுமானால், அதை எஞ்சினோடு பிடித்திருக்கும் போல்ட்டுகளை எல்லாம் கழற்ற வேண்டும். கீழே இருப்பவை சுலபம். உச்சியில் இருக்கும் போல்ட்தான் ஆளை அழவைக்கும். அது கண்ணுக்கும் தெரியாது, கைக்கும் சரியாக எட்டாது. கியர்பாக்ஸின் பின்பக்கத்தை ஜாக்கில் தாங்கிக்கொண்டு சற்று இறக்கினால் மேலே கொஞ்சம் இடம் கிடைக்கும். அந்த இடுக்கில் கையை நுழைத்து ஸ்பேனரைத் திருப்புவார்கள். அன்றைக்கு அப்பாவின் வலது கை உள்ளே இருந்தது. ஜாக் சித்தப்பாவின் பொறுப்பில் இருந்தது. அதை இறக்கும் திருகாணியை அவர் கொஞ்சம் அதிகமாகத் திறந்துவிட்டார். கியர்பாக்ஸ் ஜாக்கிலிருந்து ஒருபக்கமாகச் சரிந்து, அப்பாவின் முழங்கையை வண்டியின் அடிச்சட்டமான சேஸியோடு சேர்த்து நசுக்கிவிட்டது.

எலும்பு கூடியது. ஆனால் முழங்கை பாதி மடங்கிய நிலையிலேயே நின்றுவிட்டது. நீட்டவும் முடியாது, மடக்கவும் முடியாது. வலது கை வாய்க்கு எட்டாததால் இடது கையில் ஸ்பூன் பிடித்துச் சாப்பிடப் பழகிக்கொண்டார். கல்யாண வீடுகளில் பந்தியில் உட்காருவதை விட்டுவிட்டார். உறவினர்களான உங்களில் சிலர் அதைத் தலைக்கனம் என்று நினைத்தீர்கள். அது தலைக்கனம் அல்ல, கூச்சம். இப்போதாவது சொல்லிவிடுகிறேன்.

ஆனால் கை போனதைவிடத் தம்பி போனதுதான் அப்பாவை வாட்டியது. சித்தப்பா பட்டறைக்கு வருவதை நிறுத்திவிட்டுக் கேம்ப் கடைத்தெருவில் ஒரு டூல்ஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். வண்டிக்கு அடியில் இனிப் போவதில்லை என்று சொல்லிவிட்டார். எங்கள் வீட்டு வாசலையும் மிதிக்கவில்லை. தீபாவளிக்கு எங்களுக்குத் துணி எடுத்து யாரிடமாவது கொடுத்தனுப்புவார். அம்மா போனில் கூப்பிட்டால், "வர்றனுங்க அண்ணி" என்பார், வரமாட்டார். அவரை எப்படியாவது வீட்டுக்கு வரவைத்துவிட வேண்டும் என்பது ஒன்றுதான் அந்த வருடங்களில் அப்பாவின் மனதில் இருந்தது. நேரில் போய்க் கூப்பிட்டால் தம்பி இன்னும் ஒடுங்கிப் போவார் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

அப்போதுதான் அப்பாவுக்குக் கோணல் ராடுகளின் மேல் பைத்தியம் பிடித்தது. போல்ட்டின் தலையைக் கவ்வும் சாக்கெட்டை மாட்டும் நுனி சற்றே சாய்ந்து கொடுக்கும் எக்ஸ்டென்ஷன் ராடுகள், எந்தப் பக்கமும் வளையும் ஜாயிண்டுகள் என்று வாங்கிக் குவித்தார். இவற்றை ஒன்றோடு ஒன்று கோத்து கியர்பாக்ஸின் முதுகு வழியாக நீளமாக விட்டால், தூரத்தில் இருந்துகொண்டே மேல் போல்ட்டைத் திருப்பலாம். ரொம்பவும் சாய்த்தால் சாக்கெட் வழுக்கி போல்ட்டின் தலையைத் தின்றுவிடும் என்பதால், ஒரு நீள ராடுக்குப் பதில் இரண்டு குட்டை ராடுகளைப் போட்டுச் சாய்வைக் குறைப்பார். மடங்காத கையை வைத்துக்கொண்டு அவர் மறுபடி பிழைத்தது இப்படித்தான்.

இவை எல்லாம் ஹடப்சரிலேயே கிடைக்கும். அப்பா மட்டும் பஸ் பிடித்துக் கேம்புக்குப் போய், சித்தப்பா நிற்கும் கடையில்தான் வாங்குவார். வாங்கியதை அடுத்த வாரமே சரியில்லை என்று மாற்றப் போவார். ஒருமுறை நானும் கூடப் போனேன்.

"இந்த ஜாயிண்ட்டு தலை தொங்குது. போல்ட்டு மேல உக்காரவே மாட்டேங்குது" என்றார் அப்பா.

சித்தப்பா நிமிர்ந்து பார்க்காமலே பதில் சொன்னார்: "சைக்கிள் ட்யூப்பைக் கீறிச் சுத்துங்க. தொங்காது."

"சுத்தினேன். இப்ப வளையவே மாட்டேங்குது."

"இறுக்கிச் சுத்தியிருப்பீங்க. எந்த வண்டிங்க?"

"ஸ்கூல் வேனு. மேல் போல்ட்டு."

மேல் போல்ட் என்றதும் சித்தப்பா வேறொரு ஜாயிண்டைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார். திரும்பும் பஸ்ஸில் நான் கேட்டேன்: "அந்த ஸ்கூல் வேன் காலையில நம்ம வீட்டு முன்னாடிதானேப்பா போச்சு?"

அப்பா ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "ஆமா, நல்லாத்தான் ஓடுது" என்றார்.

இந்த நாடகம் மாதக் கணக்கில் நடந்தது. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், ஒரு பை நிறைய ராடுகளோடு சித்தப்பா பட்டறை வாசலில் வந்து நின்றார். முகம் சிவந்திருந்தது.

"இத்தனை குடுத்தும் ஒரு போல்ட்டு கழலலீன்னா அதென்னங்கண்ணா போல்ட்டு? எங்க அந்த வேனு?"

அந்த வேன் எங்கே இருக்கும்? ஊர் சுற்றிக்கொண்டிருந்தது. நல்ல வேளையாக, கிளட்ச் வேலைக்கு வந்த இன்னொரு வேன் நின்றிருந்தது. அப்பா சற்றும் கூசாமல் அதைக் காட்டினார்.

"இது வேற வண்டிங்க."

"போல்ட்டு ஒண்ணுதான். பாரு."

சித்தப்பா ஒரு கணம் தயங்கிவிட்டு, சட்டையைக் கழற்றிவைத்து வண்டிக்கு அடியில் போனார். சாக்கெட், ட்யூப் சுற்றிய ஜாயிண்ட், ராடு, அதற்குப் பின்னால் இன்னொரு ராடு என்று கோத்து உள்ளே விட்டார். கடைசியில் கொஞ்சம் இடம் போதவில்லை. பின்பக்கத்தை இறக்கினால்தான் சாக்கெட் போல்ட்டில் உட்காரும். அப்பா அடியில் போய்ப் படுத்து, ராடின் வெளிமுனையில் மாட்டிய ராட்செட் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, "ஜாக்கை இறக்கு" என்றார்.

சித்தப்பா வெளியே வந்து எழுந்து நின்றுவிட்டார்.

"என்னால முடியாதுங்கண்ணா. வேற ஆளைக் கூப்புடுங்க."

"குனிஞ்சு பாரு. உள்ள யாரு கையாச்சும் இருக்குதா? ராடுதான் இருக்குது. என் கை இங்க, வெளிய. நீ இறக்கு கண்ணு."

சித்தப்பா குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு ஜாக்கின் அருகே மண்டியிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, திருகாணியை மயிரிழை அளவு திறந்தார். கியர்பாக்ஸ் மெல்ல இறங்கியது. ராட்செட் திரும்பியது, போல்ட் 'டக்'கென்று விட்டுக்கொடுத்தது. எனக்கு அழுகை வந்தது.

வீட்டுக்குள் அம்மா, நேற்றும் வந்துபோன ஆளிடம் சொல்வதுபோல், "கையைக் கழுவிட்டு வாங்க தம்பி, சோறு ஆறுது" என்றார். அப்பா ஸ்பூனில் சாப்பிடுவதைச் சித்தப்பா அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தார். பிசைந்த கை அப்படியே நின்றுவிட்டது. "எனக்கு இது பழகிப்போச்சு. நீ சாப்புடு" என்றார் அப்பா. சித்தப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு சாப்பிட்டார், இரண்டாம் முறையும் சோறு வாங்கினார்.

அதன்பின் பட்டறை மறுபடி இருவருடையதாயிற்று. பக்கத்தில் மகர்பட்டாவில் கட்டடங்கள் எழுந்து, அலுவலக வேன்கள் வரிசையில் நிற்கத் தொடங்கிய வருடங்களில் இருவருக்கும் மூச்சுவிட நேரமில்லை. அப்பா கண்டிப்பானவர். கழற்றுவதற்கு ஜாயிண்ட் போடலாம், ஆனால் திரும்ப மாட்டும்போது முதலில் விரலால்தான் மாட்ட வேண்டும், கடைசி இறுக்கு முடிந்தவரை நேர் ராடில்தான் என்பார். பிள்ளைகளை ஏற்றிப் போகும் வண்டி என்றால் இறுக்கியதை மீண்டும் ஒருமுறை பார்க்காமல் அனுப்பமாட்டார். எங்களைப் படிக்கவைத்ததும் கல்யாணம் செய்துகொடுத்ததும் அந்தத் தகரக் கூரைதான்.

நுரையீரல் நோய் முற்றி அப்பா மருத்துவமனையில் கிடந்த கடைசி வாரங்களில் சித்தப்பா பட்டறையைப் பூட்டிவிட்டுக் கூடவே இருந்தார். அப்பா அதிகம் துன்பப்படாமல், அம்மாவும் தம்பியும் அருகில் இருக்க, ஒரு விடியற்காலையில் அடங்கினார்.

அந்த நாட்களில் எங்களுக்குச் சமைத்து அனுப்பிய எதிர்வீட்டு மராட்டி அத்தையான காகுவுக்கும், தங்கள் வேனையே கொடுத்து உதவிய பள்ளி வண்டி ஓட்டுநர்களுக்கும், கோவையிலிருந்து ரயிலில் நின்றுகொண்டே வந்து சேர்ந்த மாமாவுக்கும், இரவு பகல் பாராமல் கவனித்த செவிலியர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

இந்த வரிசையில் சித்தப்பாவைத்தான் முதலில் எழுதியிருந்தேன். அச்சுக்குக் கொடுக்கும் முன் அவருக்கு வாசித்துக் காட்டினேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"எங்க ஊட்டுல நான் இருந்ததுக்கு எனக்கே நன்றி சொல்லுவியா? எடுத்துரு கண்ணு."

எடுத்துவிட்டேன்.