தையல்சிட்டுக் கூட்டில் ஒரு நீலக் கிளிப்

லாசரஸ் சாருக்கு எங்கள் பறவைக் குழுவில் ‘பொறுமை’ என்றே பெயர். சேலையூர்க்காரர், இன்ஷூரன்ஸ் ஆபீஸ் கிளார்க். ஒரு மீன்கொத்திக்காக மூன்று மணி நேரம் கொசுக்கடியில் அசையாமல் உட்காருவார். மனைவி ஹில்டாவைவிட கேமராவைத்தான் பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறார் என்று கிண்டல் செய்வோம். முதலில் சிரிப்பவரும் அவர்தான். அந்த மனிதருக்கே பொறுமை போன நாள் ஒன்று உண்டு. நடந்ததையெல்லாம் பிறகு அவரே என்னிடம் சொன்னார், என் முகத்தைப் பார்க்காமல்.

போன மாசிக் கடைசியில், செம்பாக்கம் ஏரிக்கரையில் ஒரு பூவரசங்கன்றில் தையல்சிட்டுக் கூடு கண்டுபிடித்தார். இரண்டு இலைகளைச் சேர்த்துத் தைத்த கூடு, உள்ளே மூன்று குஞ்சுகள். மேலே இன்னோர் இலை குடை மாதிரி மறைத்துக்கொண்டிருந்தது. நான்கு நாள் போயும் படம் விழவில்லை. ஐந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மொட்டைமாடிக் கொடியிலிருந்து ஒரு துணி கிளிப்பை உருவி எடுத்துக்கொண்டு போனார். மறைத்த இலையை வளைத்துக் கிளிப் போட்டார். தாய் வந்தது, மூன்று வாயும் திறந்தது, படம் விழுந்தது. அங்கேயே நின்று எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டு, சர்ச்சில் ஆராதனைக்கு நேரமாகிவிட்டதே என்று வண்டியைக் கிளப்பினார். கிளிப்பை எடுக்க மறந்துவிட்டார்.

ஆராதனையில் இரண்டாம் பாட்டு பாடும்போது ஞாபகம் வந்ததாம். எழுந்து ஓடியிருக்கலாம். உட்கார்ந்திருந்தது முன்வரிசை, எல்லோரும் பார்ப்பார்களே என்று கூச்சம். எல்லாம் முடிந்து ஏரிக்கரைக்குப் போனபோது கூடு காலி. பக்கத்து மரத்தில் இரண்டு காக்கை.

குரூப்பில் பாராட்டு குவிந்துகிடந்தது. பள்ளி ஆசிரியை காமு மேடம் மட்டும், “ஓரத்துல நீலமா என்ன சார் தெரியுது?” என்று கேட்டிருந்தார்.

“பிளாஸ்டிக் குப்பை மேடம். கரை முழுக்கக் கொட்டி வெச்சிருக்காங்க” என்று பதில் போட்டார் லாசரஸ்.

அந்த ஒரு வரி போதாதா எங்களுக்கு! அடுத்த ஞாயிறு கையுறையும் சாக்குமாக இருபது பேர் கரையில் இறங்கினோம். கரையோரத்தில் குடியிருக்கும் சரசு, மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தவள், என் கண்ணில் பட்டாள். போனில் அந்தப் படத்தை நீட்டி, “நீங்க போடற குப்பை எங்க போய் நிக்குது பாரும்மா!” என்று கத்தினேன்.

“நான் இன்னா சார் போட்டேன்? நான் பாட்டுக்கு புல்லு அறுத்துகினு கீறேன்.”

“பின்ன யாரு போட்டது?”

லாசரஸ் என் பின்னால்தான் நின்றார். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், பழி அவள் தலையில் விழுந்துவிடும். அவர் காது மடல் சிவந்திருந்தது.

“அது குப்பை இல்ல. எங்க வீட்டுத் துணி கிளிப். படத்துக்காக நான்தான் போட்டேன்” என்றார்.

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். சரசு என்னைக் கண்டுகொள்ளவே இல்லை. கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு போனை வாங்கி, கண்ணருகே வைத்துப் பார்த்தாள்.

“குஞ்சுங்க இன்னா ஆச்சு சார்?”

“காக்கா தூக்கிடுச்சும்மா. மூணையும்” என்றார் லாசரஸ்.

ஒரு வாரமாக அந்தப் படத்துக்குக் கைதட்டல் போட்டவர்களில் ஒருவர்கூட அதைக் கேட்டிருக்கவில்லை.