காய்ச்சல் லெட்டர்

மழை ஆரம்பித்துவிட்டதே, புடவைப் பெட்டிக்குள் போட்டுவைப்போம் என்று போன வாரம் பாச்சை உருண்டை வாங்கிவந்தேன். பொட்டலத்தைப் பிரித்ததுதான் தாமதம், அந்த வாசனை சுர்ரென்று மூக்கில் ஏறியது. கோயம்புத்தூரில் நாலாவது மாடி ஃபிளாட்டில் நின்றிருந்தவள் நேராக ஆனைக்கரையில் போய் இறங்கினேன். பஸ் டிக்கெட் கூட வாங்கவில்லை.

கல்பாத்தியில் பிறந்து வளர்ந்தவள் நான். கல்யாணமாகி ஆனைக்கரை ஏலத்தோட்டத்துக்குப் போனது எழுபத்தி நாலிலோ ஐந்திலோ. இவருக்கு ஒரு எஸ்டேட் ஆபீஸில் கிளார்க் வேலை. தகரக்கூரை போட்ட குவார்ட்டர்ஸ். ஜன்னலைத் திறந்தால் மேகம் உள்ளே வந்து நாற்காலியில் உட்காரும். கேட்க அழகாக இருக்கிறது, இல்லையா? அந்த மேகம் போகும்போது தீப்பெட்டியை நமுக்க வைத்து, அப்பளத்தைத் துணியாக்கி, என் கல்யாணப் பட்டில் பூஞ்சை பூக்க வைத்துவிட்டுப் போகும். பாச்சை உருண்டையை நான் டஜன் கணக்கில் வாங்கியது அந்தப் பட்டுக்காகத்தான்.

பூச்சிகளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் பொழுது போதாது. சாயங்காலம் இவர் வீட்டுக்கு வந்தால் காலுறைக்குள் நாலைந்து அட்டைகளாவது இருக்கும். அதற்காக வாசல்படியிலேயே ஒரு டப்பாவில் உப்பு வைத்திருந்தேன். மற்ற வீடுகளில் புருஷன் வந்தால் காப்பி கொடுப்பார்கள், எங்கள் வீட்டில் முதலில் உப்பு. எலி இருக்கிறதே, அது அரிசியை விட்டுவிட்டுச் சோப்பைத் தின்னும். ஒரு முழு சிவப்புச் சோப்பை ஒரே ராத்திரியில் தின்றுவிட்டு மறுநாள் ஒன்றும் ஆகாமல் உத்தரத்தில் ஓடியது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அதன் ஜீரண சக்தியை மெச்சக்கூடத் தோன்றவில்லை.

எலிக்காவது பொறி வைக்கலாம். இவருடைய ஆபீஸ் இங்கிலீஷுக்கு என்ன வைப்பது? நான் பாலக்காட்டுக் கல்லூரியில் இங்கிலீஷ் இலக்கியம் படித்து பி.ஏ. வாங்கியவள். அந்தக் கர்வம் தலையில் கொஞ்சம் அதிகமாகவே ஏறியிருந்தது. இவர் வீட்டில் உட்கார்ந்து நகல் எழுதும் கடிதங்களில் ‘கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்’ இல்லாத கடிதமே கிடையாது. ‘டிஸ்கஸ்’ வந்தால் பின்னாலேயே ‘அபவுட்’ வரும், எறும்புக்குப் பின்னால் எறும்பு வருவதுபோல. நான் சிவப்புப் பென்சிலால் சுழித்துவைப்பேன். இவர் அழிரப்பரால் என் சுழியை மட்டும் அழித்துவிட்டு ஆபீஸுக்குக் கிளம்பிவிடுவார். இரண்டு நாள் பேச மாட்டேன். மூன்றாம் நாள் எலி ஏதாவது செய்யும், பேசியாக வேண்டும்.

எல்லாவற்றையும்விட என்னை எரிச்சலூட்டியது காய்ச்சல் லெட்டர்.

அந்த எஸ்டேட்டில் லீவு வேண்டுமென்றால் இங்கிலீஷில் எழுதிக் கொடுக்க வேண்டும். காய் பறிக்கும் பெண்களுக்கும் லாரி டிரைவருக்கும் அதே சட்டம். என்றைக்கோ வேலை பார்த்த தங்கையா என்ற வாட்ச்மேன், தனக்குக் காய்ச்சல் என்று யாரையோ பிடித்து ஒரு லெட்டர் எழுதி வாங்கியிருக்கிறான். அதுவே எல்லோருக்கும் மூல லெட்டராகிவிட்டது. முக்கிலிருந்த சாயாக்கடையில், பிஸ்கட் பாட்டிலுக்கு அடியில், எண்ணெய்க் கறையோடு அது இருக்கும். எழுத்துக் கூட்டத் தெரிந்த யாராவது அதைப் பார்த்து நகலெடுப்பார்கள், லீவு வேண்டியவர் கீழே பெருவிரலை வைப்பார். கல்யாணத்துக்குக் காய்ச்சல். மாரியம்மன் பொங்கலுக்குக் காய்ச்சல். காதுகுத்துக்கு, மாடு கன்று போட்டதற்கு, எல்லாவற்றுக்கும் காய்ச்சல். அதிலும் பாதிப் பேர் கீழே இருந்த ‘கே. தங்கையா’ என்ற பெயரையும் சேர்த்தே நகலெடுத்துவிடுவார்கள். ஊரைவிட்டே போய்விட்ட தங்கையாவுக்கு வாரம் இரண்டு மூன்று தடவையாவது காய்ச்சல் வந்துகொண்டிருந்தது. யாருடைய விரல் என்பதை இவர் ஓரத்தில் பென்சிலால் குறித்துவைப்பார். மானேஜர் படிக்காமலே கையெழுத்துப் போடுவார். நிஜமாகவே காய்ச்சல் வந்தவர்கள் மட்டும் லெட்டர் கொடுப்பதில்லை. காலையில் ஆள் எடுக்கும் பெரட்டில் பக்கத்து வீட்டுக்காரி சொன்னால் போதும்.

“இது பொய்யில்லையா?” என்று நான் குதிப்பேன்.

“லெட்டர்னா அப்படித்தானாக்கும். நீ பேசாம இரு” என்பார் இவர்.

பேசாமல் இருந்திருக்கலாம்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் லயம், தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகள். அங்கே பேச்சியம்மா என்று ஒருத்தி. வேலை முடிந்து போகிற வழியில் என் சமையல்கட்டு வாசலில் ஐந்து நிமிஷம் நின்று பேசிவிட்டுத்தான் போவாள். எலிக்குக் கருவாட்டுத் தலையை வைக்கச் சொன்னவள் அவள்தான். எங்கள் வீட்டில் கருவாட்டுக்கு எங்கே போவது என்று சொன்னபோது, என்னை ரொம்பப் பாவமாகப் பார்த்தாள். அவளுக்கு ஒரே மகள், செல்வி. மலைக்குக் கீழே கம்பத்தில் கட்டிக்கொடுத்திருந்தாள். முதல் பிரசவம் நெருங்கிக்கொண்டிருந்தது. முறைப்படி தாய்வீட்டுக்குக் கூட்டிவர வேண்டும். ஆனால் லயத்தில் அடுத்த வீட்டுக் கைக்குழந்தையின் கால்விரலை எலி கடித்துவிட்டது. அதைப் பார்த்த பிறகு மகளை அந்த ஈரத்துக்குக் கொண்டுவர அவளுக்கு மனசு வரவில்லை. செல்விக்கு மாமியாரும் இல்லை. இவள்தான் இறங்கிப் போயாக வேண்டும். காய் எடுப்பு மும்முரமாக நடக்கிற மாதம். சொல்லாமல் போனால் பேர் வெட்டிவிடுவார்கள். பேர் போனால் லயத்து வீடும் போகும்.

“கிளார்க்கம்மா, ஒரு காய்ச்ச லெட்டர் எழுதிக் குடுங்க. சாயாக்கடக்காரரு ஊருக்குப் போயிட்டாரு, கட பூட்டியிருக்கு.”

“உனக்குக் காய்ச்சலா?”

“எனக்கெதுக்கும்மா காய்ச்ச? புள்ள பேறுகாலத்துக்குப் போறேன்.”

“அப்போ அதையே எழுதறேன். எதுக்குப் பொய் சொல்லணும்?”

அவள் தயங்கினாள். “காய்ச்சன்னே எழுதிருங்கம்மா” என்றாள் மெதுவாக. நான் கேட்கவில்லை. என் பி.ஏ. முழுவதையும் இறக்கி ஒன்றரைப் பக்கம் எழுதினேன். தாயின் கடமை, முதல் பிரசவத்தின் அபாயம், லயத்தின் ஈரம், எலி கடித்த குழந்தை, ஒன்றையும் விடவில்லை. இவர் இரண்டு தடவை படித்தார்.

“ரொம்ப நன்னா எழுதிருக்காய். ஆனா இது வேண்டாம்.”

“உங்களுக்குப் புரியலைன்னு சொல்லுங்கோ.”

லெட்டரை மடித்தார். எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மானேஜர் அந்த லெட்டரைப் படித்தார். அங்கேதான் விபரீதம். பல வருஷத்தில் அவர் படித்த முதல் லீவு லெட்டர் அதுவாகத்தான் இருக்கும். பிரமாதமான இங்கிலீஷ் என்று பாராட்டினாராம். பாராட்டிவிட்டுக் கேள்வி கேட்டார். கட்டிக்கொடுத்த மகள் எப்படி இவள் குடும்பம் ஆவாள்? டாக்டர் சீட்டு எங்கே? எத்தனை நாள்? பிரசவம் எத்தனை நாளில் ஆகும் என்று யார் எழுதித் தருவது? லயத்தில் எலி என்று எழுதியிருப்பதால் அது தனி ஃபைல். எல்லாம் சேர்ந்து மலை இறங்கி ஹெட் ஆபீஸுக்குப் போயிற்று. சரி, தொலையட்டும், காய்ச்சல் லெட்டரே கொடுத்துவிடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. அவள் எதற்குப் போகிறாள் என்று இப்போது மானேஜருக்குத் தெரியும். தெரிந்த பிறகு அவர் எப்படிக் கையெழுத்துப் போடுவார்?

ஒரு வாரம் ஓடிவிட்டது. மகளுக்கு இடுப்பு நோவு வருகிற மாதிரி இருக்கிறது என்று கம்பத்திலிருந்து வந்த ஜீப்காரன் சொல்லிப்போனான். பேச்சியம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ சுகமாக இருந்திருக்கும். சமையல்கட்டு வாசலில் நின்று, “பேரு போனாப் போகுதும்மா. நாளைக்கு எறங்குறேன்” என்றாள். நான் உள்ளே போய், பருப்பு டப்பாவுக்கு முன்னால் நின்று அழுதேன். வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது.

அன்றைக்கு இவரிடம் நான்தான் கேட்டேன். “குவார்ட்டர்ஸ்ல யாருக்காவது உடம்பு முடியலைன்னா, லயத்துலேர்ந்து ஒரு ஆளை வீட்டு வேலைக்கு அனுப்புவாளே, அந்த வழக்கம் இன்னும் உண்டோ?”

இவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “உண்டு. பத்து நாள். ஆள் பேரு பெரட்டுல அப்படியே நிக்கும். யாருக்கு உடம்பு முடியலை?”

“எனக்குத்தான். காய்ச்சல்.”

ஆபீஸ் ஃபைலிலிருந்து ஒரு பழைய தங்கையா லெட்டரை இவர் கொண்டுவந்தார். நான் உட்கார்ந்து நகலெடுத்தேன். ஒரு தப்பைக்கூடத் திருத்தவில்லை. கீழே, பணிவிடைக்குப் பேச்சியம்மாவை அனுப்பவும் என்று ஒரு வரி மட்டும் சேர்த்தேன். அதிலும் ‘கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்’ போட்டேன். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு மானேஜர் கையெழுத்துப் போட்டார். பத்து மணி ஜீப்பில் பேச்சியம்மா கம்பத்துக்கு இறங்கிவிட்டாள்.

அப்புறம் பத்து நாள் நான் கம்பளிக்குள் கிடந்தேன். சமையல் இவர். ரசம் என்று ஒன்று வைத்தார், அதைப்பற்றி வேண்டாம். எலிகள் என் கண்ணெதிரே ஊர்வலம் போயின, எழுந்து விரட்ட முடியாது, யாராவது பார்த்துவிட்டால்? லயத்துப் பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து, கதவோரம் நின்று, “காய்ச்ச எறங்கிருச்சாம்மா?” என்று கேட்டுவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு போனார்கள். எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஏழாம் நாள் மானேஜரே வந்துவிட்டார். கோட்டயம் பக்கத்துக்காரர். அடுப்படியில் இவர் மட்டும் நிற்பதைப் பார்த்தார். பணிவிடைக்கு வந்த ஆளைக் காணோம். அவர் அதைப்பற்றி வாயைத் திறக்கவில்லை.

“ஃபீவர் மாறியோ?” என்று கேட்டுவிட்டு, போகிறபோது திரும்பிச் சொன்னார், “லெட்டர் இதுபோல எழுதியா மதி. எனக்கு ஒண்ணும் சோதிக்க வேண்டாமல்லோ.” இப்படி எழுதினால் போதுமாம், அவர் கேள்வி கேட்க வேண்டி வராதாம்.

பதினோராம் நாள் பேச்சியம்மா வந்து நின்றாள். பெண் குழந்தை. தலை திரும்பாமல் இருந்து, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போய்ப் பிழைத்தார்களாம். “நான் போகலேன்னா ரெண்டும் தங்கியிருக்காதும்மா” என்றாள். அதற்குப் பிறகு மூன்று வருஷம், நாங்கள் மாற்றலாகி வரும்வரை, லயத்துக் காய்ச்சல் லெட்டர்களையெல்லாம் நானே எழுதிக்கொடுத்தேன். தங்கையாவின் பெயரையும் சில சமயம் விட்டுவைப்பேன்.

அந்த எஸ்டேட் கைமாறிவிட்டது. குவார்ட்டர்ஸ் இருந்த இடத்தில் டூரிஸ்டுகள் தங்குகிற மரவீடுகள் வந்திருக்கின்றன என்று யாரோ படம் அனுப்பினார்கள். சாயாக்கடை இல்லை. அந்த லெட்டர் எந்த மழையில் கரைந்ததோ. பேச்சியம்மா எப்போதோ போய்விட்டாள். இப்போது இவரும் இல்லை.

இவர் கடைசியாக ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, வெளிநாட்டிலிருக்கும் எங்கள் மகன் லீவு கேட்டு எழுதினான். எழுதியதை எனக்கும் ஃபோனில் அனுப்பியிருந்தான். ஒரு பிழை கிடையாது, நான் சொல்லிக்கொடுத்த இங்கிலீஷ். உள்ளதை உள்ளபடி எழுதியிருந்தான். டாக்டர் சர்டிபிகேட் கேட்டார்கள், அனுப்பினோம். அப்புறம், எத்தனை நாள் தேவைப்படும் என்று கேட்டார்கள்.

“லீவு கிடைச்சுதாமா?” என்று இவர் கேட்டார்.

“இன்னும் ஏதோ கேக்கறாளாம்.”

“என்னன்னு எழுதினான்?”

“அப்பாவுக்கு ரொம்ப முடியலைன்னு.”

கண்ணை மூடிக்கொண்டே சிரித்தார். “அசடு. காய்ச்சல்னு எழுதப்படாதோ” என்றார்.

லீவு வியாழக்கிழமை கிடைத்தது. இவர் செவ்வாய்க்கிழமையே போய்விட்டார்.