ரெபேக்காள் வைத்த இன்னொரு தட்டு

காலை ஆறு மணிக்கு ஏசுவடியான் போன் செய்து, தன் அக்கா ரெபேக்காள் தூக்கத்திலேயே இறந்துவிட்டதாகச் சொன்னார். எனக்கு உடனே என் மகள் ஸ்ரீவித்யாவின் நினைப்புதான் வந்தது. இனி அவள் ஒழுங்காகச் சாப்பிடுவாளா?

ரெபேக்காள் தென்காசியில், குற்றாலம் ரோட்டில், வீட்டு முன்னறையில் தையல் மெஷின் போட்டிருந்தவள். கணவர் போய்ச் சேர்ந்து வெகுகாலம், பிள்ளைகள் இல்லை. அளவு ரவிக்கையைத் தொலைத்துவிட்டு, கொடுத்தவர்களோடே சண்டைக்குப் போவாள். சாரல் அடித்தால் கரண்ட் இல்லை என்று வாரக்கணக்கில் சாக்குச் சொல்வாள்.

கல்லூரியில் படிக்கும்போது வித்யா சோற்றைக் கண்டு பயப்படத் தொடங்கினாள். எலும்பும் தோலுமாக ஆனாள். திருநெல்வேலி டாக்டர் மருந்து கொடுத்தார், கவுன்சலிங்குக்கு வரச் சொன்னார். வேளை தப்பக் கூடாது, தட்டைப் பார்த்து யாரும் எதுவும் சொல்லக் கூடாது என்றார். எங்கள் வீட்டு வழக்கமோ, அம்மா என்பவள் நின்று பரிமாறி, எல்லோரும் எழுந்த பிறகுதான் உட்காருவாள். நானும் கரண்டியோடு நின்றேன். வித்யா ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை.

தொளதொளத்துப்போன சுடிதாரைப் பிடித்துத் தைக்கக் கொடுக்கப் போன இடத்தில் அவள் சாப்பிட்டாள்.

"ஏட்டி, இங்கன உக்காரு. தனியா தின்னா எனக்கு எறங்காது" என்று ரெபேக்காள் இன்னொரு தட்டு வைத்தாளாம். நோயைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. பேச்சுத்துணைக்கு ஆள் வேண்டும், அவ்வளவுதான். பிறகு வித்யா தினமும் மத்தியானம் அங்கே போனாள். ஒருநாள் நான் போய் எட்டிப் பார்த்தேன். நான் வைக்கிற அதே புளிக்குழம்பு. உப்பு வேறு கூடுதல் என்று பிறகு தெரிந்தது. என் பிள்ளை சிரித்துக்கொண்டே தின்றுகொண்டிருந்தாள். எனக்கு வயிறு எரிந்தது.

அங்கே மட்டும் எப்படிச் சோறு இறங்குகிறது என்று அன்று சாயங்காலம் அவளிடம் கேட்டேவிட்டேன்.

"நீ நின்னுக்கிட்டு என் தட்டையே பாக்குதே. அத்தை அவங்க தட்டத்தான் பாக்குதாவ" என்றாள்.

உடம்பு தேறத் தேற ரெபேக்காள் சுடிதார்களின் பக்கத் தையலைப் பிரித்துத் தளர்த்திக் கொடுத்தாள். குண்டாகிவிட்டாய் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லையாம். பெற்றவள் எனக்கு அந்த மாற்றம் கடைசியாகத்தான் கண்ணில் பட்டது.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வர மாலையாகிவிட்டது. வித்யா காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் மட்டும்தான் குடித்திருந்தாள். பசிக்கவில்லை என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அந்தப் பழைய பேச்சு. நான் இரண்டு தட்டு வைத்து, முதலில் உட்கார்ந்து எனக்குச் சோறு போட்டுக்கொண்டேன்.

"எந்திரிட்டி. தனியா தின்னா எனக்கும் எறங்காது."

அது யாருடைய வார்த்தை என்று அவளுக்குத் தெரியும். வந்து உட்கார்ந்தாள். அழுதுகொண்டே பிசைந்தாள், சாப்பிட்டாள். எனக்காகவா, ரெபேக்காளுக்காகவா என்று நான் கேட்கவில்லை. என் தட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். செத்தவள்மேல் இன்னும் பொறாமைதான்.

ஏசுவடியான் கொடுத்தனுப்பிய பையில் வித்யாவின் நீலச் சுடிதார் இருக்கிறது. ஒரு பக்கத் தையல் பிரித்திருக்கிறது. மறுபக்கம் பிரிக்கவில்லை.