கம்பளிக்குள் இரண்டு பேர்

போன ஆண்டு ஏப்ரல் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஹைதராபாத்திலிருந்து நர்சாப்பூர் போகும் சாலையை விட்டு உள்ளே தள்ளி நிற்கும் ஒரு பழைய ஆலமரத்தடியில் நடந்தது இது.

ஜீடிமெட்லாவில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் நான் பாதுகாப்பு அதிகாரி. "ஆபத்து வந்தால் பதறாதீர்கள், கத்தாதீர்கள், கண்டபடி ஓடாதீர்கள்" என்று தொழிலாளர்களுக்கு வகுப்பு எடுப்பவன். பையனின் பிளஸ் டூ படிப்புக்காக அவனும் மனைவியும் திருச்சியிலேயே தங்கிவிட, இங்கே ஒற்றை அறையில் நான் மட்டும். வார நாட்கள் எப்படியோ ஓடிவிடும். ஞாயிறுதான் நகராது.

அதனால் பைக்கில் இந்த மரத்தைப் பார்க்கப் போவதை வழக்கமாக்கிக்கொண்டேன். மழைக்காலத்தில் விழுதுகளின் நுனியில் இளமஞ்சளாகப் புது வேர் எட்டிப்பார்க்கும். குளிரில் சிவப்புப் பழம் பழுத்து, கிளையெல்லாம் பச்சைப்புறா. மாசியில் இலை மஞ்சளாகிக் கொட்டித் தீர்க்கும். நான் கவலைப்பட்டுக்கொண்டு மறுபடி போனால், செம்பு நிறத் தளிரோடு நிற்கும். ஒவ்வொரு முறையும் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்புவேன். பையனிடமிருந்து ஒரு கட்டைவிரல் வரும். எங்கள் உரையாடல் அவ்வளவுதான்.

அன்று மனைவி போனில், "ஏங்க, அந்த மரத்தையே எத்தனை தடவைதான் பாக்குறது? உங்க மூஞ்சியக் காட்டி ஒரு படம் அனுப்புங்க, இளைச்சிருக்கீங்களான்னு பாக்கணும்" என்றாள்.

மூஞ்சியை மட்டும் காட்டியிருக்கலாம். குசும்பு விடவில்லை. விழுதைப் பிடித்து ஊஞ்சலாடிக்கொண்டே செல்ஃபி எடுத்தால் வீட்டில் சிரிப்பார்களே! தொங்கினேன். என் எடைக்குக் கிளை குலுங்கியது. அதே கிளையில் முறம் அகலத்துக்கு மலைத்தேனீக் கூடு இருந்ததை, தளிரையே ரசித்துக்கொண்டிருந்த என் கண் பார்க்கவில்லை.

முதல் கொட்டு காது மடலில். அதன்பின் வகுப்பில் செய்யாதே என்று சொல்வதையெல்லாம் வரிசையாகச் செய்தேன். கத்தினேன். மரத்தையே சுற்றிச் சுற்றி ஓடினேன். ஹெல்மெட் ஞாபகம் வந்து, எடுத்து மாட்டிக்கொண்டேன். எனக்கு முன்பே உள்ளே ஒரு தேனீ குடியேறியிருந்தது. அப்போது நான் ஆடிய ஆட்டத்தைப் படம் எடுக்க ஆளில்லாதது என் அதிர்ஷ்டம். ஹெல்மெட்டைக் கழற்றி எறிந்தபோது மூச்சு இரைத்தது, ஒரு கண் வீங்கி மூடிக்கொண்டது. இப்படியே விழுந்து கிடந்தால் தேட யார் வருவார்கள் என்று நினைத்தபோதுதான் நிஜமாகவே பயந்தேன்.

யாரோ சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்தார்கள். ஆடு மேய்ப்பவர். என் வயதுதான் இருக்கும். தன் கறுப்புக் கம்பளியை எங்கள் இருவர் தலைமேலும் போர்த்தி, "கூர்ச்சோ! ஹிலோ நக்கோ!" என்று அதட்டினார். உட்கார், அசையாதே. பெட்டிப்பாம்பாக உட்கார்ந்தேன்.

உள்ளே இருட்டு, பீடி வாடை, ஆட்டு வாடை. வெளியே ரீங்காரம். தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்திருந்தோம்.

"இக்கட ஏம் பனி?" என்றார். இங்கே உனக்கு என்ன வேலையாம்.

மரம் பார்க்க வந்தேன் என்று என் ஓட்டைத் தெலுங்கில் சொன்னேன்.

"செட்டா?" மரத்தையா என்று அவர் சிரித்த சிரிப்பில் கம்பளியே குலுங்கியது.

"ஹிலோ நக்கோ" என்றேன் நான்.

வெகுநேரம் கழித்து ஓரத்தைத் தூக்கிப் பார்த்து, "போயினய், லே" என்றார். போய்விட்டன, எழுந்திரு. எனக்கும் அது தெரிந்தது. ஆனாலும், இன்னும் சத்தம் கேட்கிறதே என்று சொல்லிவிட்டேன். இந்த ஊருக்கு வந்த பிறகு ஒரு மனிதர் என்னை ஒட்டி உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

அவர் காது கொடுத்துக் கேட்டார். என் ஒற்றைக் கண்ணைப் பார்த்தார். தூரத்தில் அவர் ஆடுகள் கத்திக்கொண்டே விலகிப் போய்க்கொண்டிருந்தன. "சரே, காசேபு உந்தாம்" என்று கம்பளியை மறுபடி இழுத்து மூடினார். சரி, கொஞ்ச நேரம் இருப்போம்.

கொட்டிய வலி எப்போதோ மறந்துவிட்டது. ஒரு தேனீகூட இல்லை என்று தெரிந்தும் அவர் எழாமல் என்னோடு இருந்த அந்தக் கொஞ்ச நேரம்தான், நகராத ஞாயிற்றுக்கிழமைகளில் இன்றும் எனக்குத் துணை.